சுகாதார விவாதத்தில் நம் உறுப்பினர் என்ன சொன்னார்? ஹன்சாட் வாசிப்பவர்களுக்கான கேள்விகளும் பதில்களும்

ஒரு பாராளுமன்ற உறுப்பினர் சுகாதாரத்துக்கும் சமூக நலனுக்கும் என்ன செய்தார் என்று கேட்டால், அவருடைய முகநூல் பக்கத்தில் வந்த மூன்று நிமிடக் காணொளியையே பெரும்பாலும் காட்டுகிறார்கள். கொழும்பில் நாங்கள் சிலர் சேர்ந்து ஹன்சாட்டை வாசிக்கத் தொடங்கியபோது, காணொளியில் இல்லாத வேறொரு கணக்கு அந்தப் பக்கங்களில் இருப்பதைக் கண்டோம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஹன்சாட் என்பது என்ன? அதை எங்கே பெறலாம்?

பாராளுமன்றத்தில் பேசப்படுவதைச் சொல்லுக்குச் சொல் பதிவுசெய்து அரசாங்கம் வெளியிடும் அறிக்கையே ஹன்சாட். அண்மைக் காலத்து இதழ்களைப் பாராளுமன்றத்தின் இணையத்தளத்திலிருந்து தரவிறக்கலாம். அச்சுப் பிரதிகள் அரசாங்க வெளியீடுகள் பணியகத்தில் விற்பனைக்குக் கிடைக்கும். பழைய காலத்துத் தொகுதிகள் வேண்டுமானால் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போக வேண்டும்.

முதலில் வெளிவரும் பிரதியின் முகப்பில் "பிழை திருத்தப்படாதது" என்று அச்சிட்டிருக்கும். அதிலிருந்து மேற்கோள் எடுப்பவர்கள் திருத்திய பதிப்பு வந்த பின் மறுபடியும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு மருந்தின் பெயரோ தொகையோ பிழையாகப் பதிவாகியிருந்தால் வாதமே மாறிவிடும்.

கேள்வி: எனக்குச் சிங்களம் வாசிக்க வராது. ஹன்சாட்டில் எல்லாம் தமிழிலும் இருக்குமா?

இருக்காது. ஒவ்வொரு உரையும் அது நிகழ்த்தப்பட்ட மொழியிலேயே அச்சாகிறது. சபையில் உடனடி மொழிபெயர்ப்பு உண்டு, ஆனால் அந்த மொழிபெயர்ப்பு அச்சில் வருவதில்லை. எனவே சுகாதார அமைச்சர் சிங்களத்தில் அளித்த நீண்ட விளக்கம் தமிழ் வாசகருக்கு எட்டாது. மட்டக்களப்பு உறுப்பினர் தமிழில் சொன்ன துயரம் மாத்தறை வாசகருக்கு எட்டாது. அரசியலமைப்பின் 20ஆம் உறுப்புரை ஓர் உறுப்பினருக்குத் தேசிய மொழிகளில் எதிலும் கடமையாற்றும் உரிமையைத் தருகிறது. அந்த உரிமையின் பயன் வாசகர்வரை வந்து சேராமல் பாதியிலேயே நின்றுவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. சுகாதாரம் பற்றிய விவாதங்களையாவது மும்மொழியிலும் வெளியிட வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. வாய்மூல விடைக்கான வினாக்கள் மூன்று மொழிகளிலும் அச்சிடப்படுகின்றன. தமிழ் மட்டும் வாசிப்பவர்கள் அங்கிருந்து தொடங்குவதே எளிது.

கேள்வி: வாய்மூல வினா என்பது எப்படி இருக்கும்? அதற்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் கொடுக்கிறீர்கள்?

"வினாக்களுக்கு வாய்மூல விடைகள்" என்ற தலைப்பின் கீழ் அ, ஆ, இ என்று பிரித்து அவை வரும். "இந்த வைத்தியசாலையில் இந்த மருந்துக்குத் தட்டுப்பாடு நிலவுகிறது என்பதை அவர் அறிவாரா?" என்று முதல் பகுதி கேட்கும். "எத்தனை வெற்றிடங்கள் உள்ளன என்பதை அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா?" என்று இரண்டாவது பகுதி கேட்கும். கடைசிப் பகுதி எப்போதும் இரண்டே சொற்கள்தான்: "இன்றேல், ஏன்?"

அந்த "இன்றேல், ஏன்?" எனக்கு மிகப் பிடித்த வாசகம். நாற்பது நிமிட உரைக்கு அமைச்சர் பதில் சொல்லாமலே போகலாம், ஆனால் முறைப்படி கேட்ட வினாவுக்கு ஏதாவது ஒரு விடை கொடுத்தே ஆக வேண்டும். கொடுத்த விடை அவர் பெயரில் பதிவாகி நிற்கும். அடுத்த வருடம் அதே உறுப்பினர் எழுந்து, போன வருடம் சொன்ன எண்ணிக்கை இது, இன்றைய நிலை என்ன என்று கேட்க முடியும்.

அமைச்சர்கள் சில வேளைகளில் இரண்டு வாரம் அவகாசம் கேட்பார்கள். அவகாசம் முடிந்த பின் அந்த வினா திரும்பவும் எழுப்பப்பட்டதா என்று தேடிப் பாருங்கள். கேட்டுவிட்டு மறந்த உறுப்பினரையும், விடை வரும்வரை விடாத உறுப்பினரையும் அந்த இடத்தில் பிரித்தறியலாம்.

கேள்வி: ஒரு வினா உண்மையில் எதையாவது மாற்றியிருக்கிறதா?

கொழும்பில் வாழ்ந்தவர்கள் மறக்க முடியாத ஓர் உதாரணம் உண்டு. கொவிட் தொற்றால் இறந்தவர்களின் உடல்களை எரித்தே ஆக வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி வெளியானது. அது பாராளுமன்றம் விவாதித்து நிறைவேற்றிய சட்டம் அல்ல. 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அமைச்சர் ஆக்கிய ஒழுங்குவிதி. அடக்கம் செய்தால் நிலத்தடி நீரில் வைரஸ் கலக்கும் என்பது அன்று சொல்லப்பட்ட காரணம். உலக சுகாதார நிறுவனமோ அடக்கம், எரித்தல் இரண்டையும் அனுமதித்திருந்தது. உயர் நீதிமன்றம் சென்ற மனுக்கள் 2020 டிசம்பர் 1ஆம் திகதி தள்ளுபடியாகின. அந்த மாதமே, பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையின் உடல் பொரளை மயானத்தில் எரிக்கப்பட்டது. அதன் பின் அந்த மயானத்தின் இரும்புக் கம்பிகளில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். முஸ்லிம்கள் இறந்தவரைச் சுற்றி அடக்கம் செய்யும் கபன் துணியின் அடையாளம் அது. மற்றச் சமயத்தவர்களும் வந்து கட்டினார்கள். கட்டியவற்றை யாரோ அகற்ற, மறுபடியும் கட்டினார்கள்.

2021 பெப்ரவரி 10ஆம் திகதி, கொழும்பு மாவட்ட உறுப்பினர் எஸ். எம். மரிக்கார் இது பற்றிச் சபையில் கேட்டபோது, அன்றைய பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ அடக்கம் செய்ய அனுமதி வழங்கப்படும் என்று விடையளித்தார். முடிவு நிபுணர் குழுவின் கையிலேயே உள்ளது என்று அதன் பின்னும் அரசாங்கத் தரப்பிலிருந்து சொல்லப்பட்டது. ஆனால் பிரதமரின் வாக்கு பதிவாகிவிட்டது. பெப்ரவரி 25ஆம் திகதியிட்ட வர்த்தமானி அடக்கத்துக்கு வழிவிட்டது. மார்ச் மாதத்தில் ஓட்டமாவடியில் முதல் உடல்கள் அடக்கம் செய்யப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

அந்த ஒரு வினாதான் எல்லாவற்றையும் மாற்றியது என்று நான் சொல்லவில்லை. குடும்பங்களின் போராட்டம், பாகிஸ்தான் பிரதமரின் வருகை, ஜெனீவாவில் நெருங்கிக்கொண்டிருந்த மனித உரிமைகள் பேரவையின் அமர்வு ஆகிய அனைத்தும் சேர்ந்தே அழுத்தம் கொடுத்தன. இருந்தும், அதுவரை நிபுணர் குழுவின் பின்னால் நின்ற ஒரு முடிவை அரசியல் பொறுப்பில் இருப்பவர் தன் வாயால் ஏற்றுக்கொண்டது சபையில்தான் நடந்தது. சுகாதாரக் கொள்கை பற்றிய விவாதம் எதற்கு என்று என்னிடம் கேட்பவர்களுக்கு அந்த நாளின் ஹன்சாட்டை வாசிக்கும்படி சொல்கிறேன்.

கேள்வி: வரவு செலவுத் திட்டக் காலத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

இரண்டாம் மதிப்பீட்டு விவாதத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் பேசுவார்கள். அதற்குப் பின் வரும் குழுநிலை விவாதத்தில் ஒவ்வோர் அமைச்சின் செலவினமும் தனித்தனியாக எடுக்கப்படும். சுகாதார அமைச்சின் செலவினத் தலைப்பின் இலக்கம் 111. அந்த நாளின் இதழைத் தேடி எடுங்கள். எதிர்க்கட்சி உறுப்பினர் எழுந்து, மரபுப்படி பத்து ரூபா குறைக்கப்பட வேண்டும் என்று பிரேரிப்பார். பணத்தைக் குறைப்பது அதன் நோக்கம் அல்ல; அந்த அமைச்சைப் பற்றி விவாதம் தொடங்க அது ஒரு வாயில்.

இங்கே ஒரு வரையறையையும் தெரிந்துகொள்ள வேண்டும். அரசியலமைப்பின் 152ஆம் உறுப்புரைப்படி, அரச நிதியைச் செலவிடக் கோரும் சட்டமூலத்தையோ பிரேரணையையோ அமைச்சரவையின் அங்கீகாரத்துடன் ஓர் அமைச்சரே கொண்டுவர முடியும். ஆகவே "எங்கள் உறுப்பினர் ஏன் ஒரு வைத்தியசாலை கட்டச் சட்டமூலம் கொண்டுவரவில்லை?" என்று கேட்பது அவருக்கு நியாயமாகாது. ஒதுக்கிய பணம் செலவானதா, கடந்த ஆண்டின் மூலதனச் செலவில் எவ்வளவு மீதமாகித் திரும்பியது, பொறி வாங்கப்பட்டும் இயக்குநர் ஏன் நியமிக்கப்படவில்லை என்று அவர் கேட்டாரா என்பதே சரியான அளவுகோல். அரசாங்கக் கணக்குகளை ஆராயும் கோபா குழுவிலும், அரச நிறுவனங்களை ஆராயும் கோப் குழுவிலும், துறைசார் மேற்பார்வைக் குழுக்களிலும் இந்த வேலையின் பெரும்பகுதி நடக்கிறது. கைதட்டல் கிடைக்காத அந்த அறைகளில் யார் தவறாமல் உட்கார்ந்திருந்தார் என்பதைக் குழு அறிக்கைகளில் பார்க்கலாம்.

கேள்வி: உறுப்பினர் ஒரு வைத்தியராக இருந்தால் விவாதம் சிறக்குமா?

சிறக்கலாம். ஆனால் பட்டம் மட்டும் போதாது. நமது வரலாற்றில் இதற்கு நல்ல உதாரணம் வைத்தியர் எஸ். ஏ. விக்ரமசிங்க. சர்வசன வாக்குரிமையோடு 1931இல் அமைந்த முதல் அரசாங்க சபைக்கு (அன்றைய சட்டசபைக்கு) மொறவக்கவிலிருந்து தெரிவானவர் அவர். 1934–35இல் மலேரியா நாட்டைச் சூறையாடியபோது இடதுசாரிகளின் சூரிய மல் இயக்கத்தவர்களுடன் கிராமங்களுக்குப் போனார். காய்ச்சலை விடப் பட்டினியே ஆட்களைக் கொன்றுகொண்டிருந்ததை அந்தத் தொண்டர்கள் அங்கே நேரில் கண்டார்கள். மலேரியா மருந்தான கொய்னா மட்டும் கொடுத்துப் பயனில்லை, உணவும் வேண்டும் என்ற அந்த அறிவு, மருத்துவத்தையும் சமூக நீதியையும் ஒன்றாகப் பார்க்கும் ஒரு தலைமுறையை உருவாக்கியது.

பின்னர் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவராக, அக்குரஸ்ஸ உறுப்பினராக, 1971இல் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேயோடு சேர்ந்து மருந்துக் கொள்வனவு பற்றிய அறிக்கையை அவர் எழுதினார். ஒரே மருந்தைப் பல வணிகப் பெயர்களில் பல விலைகளில் இறக்குமதி செய்வதை நிறுத்தி, மருந்தின் மூலப்பெயரில் ஒரே இடத்தின் ஊடாகக் கேள்விப்பத்திரம் கோரி வாங்கினால் நாட்டுக்கு எவ்வளவு மிச்சமாகும் என்பதே அதன் சாரம். அதே ஆண்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. இன்று நகர மண்டபத்துக்கு அருகில், அந்தக் கூட்டுத்தாபனத்தின் மருந்துக் கடையான ஒசுசலவில் மருந்துத் துண்டோடு வரிசையில் நிற்பவர்கள் அந்த அறிக்கையின் பயனையே அனுபவிக்கிறார்கள்.

அந்தக் கொள்கைக்கு முழுமையான சட்ட வடிவம் உடனே கிடைக்கவில்லை. 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க அழகுசாதன, சாதன, மருந்துச் சட்டம் பதிவையும் தரத்தையும் கவனித்தது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அதை நீக்கி, தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையை உருவாக்கி, விலைக் கட்டுப்பாட்டுக்கும் வழி செய்தது. அறிக்கைக்கும் அச்சட்டத்துக்கும் இடையே நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்தன. பிபிலேயும் விக்ரமசிங்கவும் அதைக் காண உயிரோடு இல்லை.

கேள்வி: 2022இன் மருந்துத் தட்டுப்பாட்டைப் பற்றிச் சபையில் போதுமான அளவு பேசப்பட்டதா?

நிறையப் பேசப்பட்டது. 2022இன் நடுப்பகுதியில், கொழும்பில் ஓர் அரச வைத்தியசாலையின் மருந்து ஜன்னலில், என் தாயாரின் கிளினிக் கொப்பியிலிருந்த ஐந்து மருந்துகளில் மூன்றுக்கு நேரே பென்சிலால் சிறு வட்டம் போட்டு, "வெளியில் எடுங்கோ" என்று திருப்பித் தந்தார்கள். வெளியே நான்கு பாமசிகளில் ஏறி இறங்கி இரண்டைத்தான் வாங்கினேன். அன்றிரவு அந்த வாரத்து ஹன்சாட்டைத் திறந்தபோது, நெருக்கடியைப் பற்றிப் பக்கம் பக்கமாக உரைகள் இருந்தன. ஆனால் இன்ன மருந்து, இத்தனை வாரக் கையிருப்பு, இன்ன திகதிக்கு அடுத்த கப்பல் என்று பிரித்துக் கேட்ட இடங்கள் குறைவாகவே இருந்தன. கோபம் எனக்கும் இருந்தது. எனக்கு அன்று வேண்டியிருந்தது திகதி.

அடுத்த ஆண்டு தரம் பற்றிய கேள்விகள் எழுந்தன. அன்றைய சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்லவுக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை 2023 செப்டம்பரில் 73க்கு 113 என்ற வாக்குகளால் தோற்றது. மறுமாதமே அவர் அந்த அமைச்சிலிருந்து மாற்றப்பட்டார். தோற்ற பிரேரணையின் விவாதத்தையும் வாசிப்பது வீணல்ல. கொள்வனவு நடைமுறை பற்றிய விபரங்கள் பலவற்றை உறுப்பினர்கள் அதில் அடுக்கிச் சொல்லியிருக்கிறார்கள்.

கேள்வி: சமூக நலன் பற்றிய விவாதங்கள் என்று எவற்றைக் கருதுகிறீர்கள்?

அரிசியிலிருந்து தொடங்குகிறேன். 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது, லங்கா சமசமாஜக் கட்சித் தலைவர் என். எம். பெரேரா உள்ளிட்ட இடதுசாரிகள் காலிமுகத்திடலுக்கு அருகில் இருந்த அன்றைய பாராளுமன்றத்தில் எதிர்த்துப் பேசினார்கள். ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் நடந்தது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். 1970களின் தொடக்கத்தில் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடத் தொடங்கி, 1977இல் அதை நீக்கியதும் இதே வரிசையில் வரும். காசின் அளவு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஏழை ஒருவர் வைத்தியரிடம் வருவாரா, வரமாட்டாரா என்பதை அதுவே தீர்மானித்தது.

இன்றைய உதாரணம், வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் பண உதவி வழங்கும் அஸ்வெசும. 2023இல் தொடங்கிய இத்திட்டம் 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. யார் தகுதியானவர் என்ற அளவுகோலை அச்சட்டத்தின் கீழ் வரும் வர்த்தமானிகளே சொல்கின்றன. எனவே சட்டத்தைப் பற்றி மட்டும் பேசுபவரை விட, வர்த்தமானியை வரிவரியாக எடுத்து, மட்டக்குளியின் தோட்டக் குடியிருப்பில் ஒரே கூரையின் கீழ் வாழும் மூன்று குடும்பங்களை ஒன்றாக எண்ணுவதா, மூன்றாக எண்ணுவதா என்று கேட்பவரே பயனுள்ள வேலை செய்கிறார். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க அங்கவீனமுற்றோர் சட்டம், 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் சட்டம், தாய்மார்களுக்கான விடுமுறையை எந்தப் பிள்ளைக்கும் 84 நாளாக்கிய 2018 திருத்தங்கள் ஆகியவற்றின் விவாதங்களையும் தேடி வாசிக்கலாம்.

கேள்வி: மாகாண வைத்தியசாலை பற்றிக் கேட்டால் "அது எங்கள் பொறுப்பல்ல" என்று அமைச்சர் சொல்வது சரியா?

சட்டப்படி ஓரளவு சரி. போதனா வைத்தியசாலைகள் மத்திய அமைச்சின் கீழ் உள்ளன. ஆதார, பிரதேச வைத்தியசாலைகளில் பெரும்பாலானவை மாகாணத்துக்கு உரியவை. ஆனால் மாகாண சபைத் தேர்தல் 2014க்குப் பின் நடக்கவில்லை. தெரிவான சபை இல்லாத இடத்தில் அந்தக் கேள்வியை எழுப்பப் பாராளுமன்றத்தைத் தவிர வேறு மன்றம் இல்லை.

கேள்வி: இந்த விவாதங்களில் தமிழர்களின் பங்கு எப்போது தொடங்கியது?

கொழும்பிலிருந்தே சொல்லலாம். 1932இல் நடந்த இடைத்தேர்தலில் கொழும்பு வடக்கிலிருந்து நேசம் சரவணமுத்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். சட்டசபையில் அமர்ந்த முதல் தமிழ்ப் பெண் அவர். தொழிலாளர்கள் நெருங்கி வாழ்ந்த ஒரு தொகுதியின் குரலாக அவர் அங்கே சென்றார். இன்று மலையக உறுப்பினர்கள் எழுப்பும் தோட்ட வைத்தியசாலைகளின் நிலை, வடக்கு கிழக்கு உறுப்பினர்கள் எழுப்பும் ஆளணி வெற்றிடங்கள், தமிழ் தெரியாத தாதியரிடம் நோயைச் சொல்லத் தடுமாறும் நோயாளிகள் என அந்த வரிசை நீள்கிறது. 1873ஆம் ஆண்டின் மனநோய்க் கட்டளைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் வேண்டும் என்பதை நம் உறுப்பினர்கள் இன்னும் உரத்துப் பேச வேண்டும் என்பது என் விருப்பம்.

கேள்வி: எத்தனை நிமிடம் பேசினார், எத்தனை நாள் வந்தார் என்ற பட்டியல்களை நம்பலாமா?

வருகைக் கணக்கு பயனுள்ளது. பேசிய நிமிடங்கள் அவ்வளவு பயன் தருவதில்லை. நேரத்தைக் கட்சிகளே பகிர்ந்துகொள்வதால், சிறிய கட்சி உறுப்பினருக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காமல் போகலாம்.

கேள்வி: எங்கள் பகுதியின் குறையை உறுப்பினர் வினாவாக எழுப்ப, நாங்கள் அவரிடம் எதைக் கொடுக்க வேண்டும்?

உணர்ச்சியோடு எழுதிய நீண்ட கடிதத்தை விட, மருந்தின் மூலப்பெயர், அது இல்லை என்று சொன்ன திகதிகள், எந்தக் கிளினிக், எத்தனை பேருக்கு அப்படி நடந்தது என்ற விபரங்களை ஒரே பக்கத்தில் கொடுங்கள். நோயாளிகளின் பெயர்களைத் தவிர்த்து விடுங்கள். கிடைத்தால் துண்டின் பிரதியை இணையுங்கள். அத்தோடு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே விபரத்தை வைத்தியசாலையின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே கேளுங்கள். தருவதா மறுப்பதா என்பதை அவர் பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். அந்தப் பதில் உறுப்பினரின் கையில் இருந்தால், அமைச்சரின் விடை முடிந்ததும் மேலதிக வினாவாக அவர் அதை எடுத்து வாசிக்கலாம். தனிப்பட்ட அநீதி என்றால், உறுப்பினர் ஊடாகப் பொது மனுக்கள் பற்றிய குழுவுக்கு மனு அனுப்பும் வழியும் உண்டு.